லொக் டேபிளை மாதமாக உடைப்பதா, வாரமாக உடைப்பதா?

2024 மார்ச் 2

நேராகக் கேள்விக்கு வருகிறேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சேர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 13. கொழுந்து வாட்டும் தொட்டிகளிலும் அடுப்பிலுமாக 40 சென்சர்கள். ஒவ்வொன்றும் 10 செக்கனுக்கு ஒரு தடவை வெப்பமும் ஈரப்பதமும் அனுப்பும். நாளொன்றுக்கு 345,600 வரி, மாதம் ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல். 2021 ஒக்டோபரிலிருந்து எல்லாம் ஒரே லொக் (பதிவு) டேபிளில் விழுகிறது. இப்போது 30 கோடி வரி. தேடலுக்கான இன்டெக்ஸோடு 30 ஜிபி தாண்டிவிட்டது.

போன சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, 2022 டிசெம்பர் வரையான வரிகளை டிலீட் பண்ணக் கொடுத்தேன். விடிய 6 மணியாகியும் முடியவில்லை. டிஸ்க் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். நிறுத்தியதும் எல்லாம் பழையபடி. ஒரு வரிகூடப் போகவில்லை.

ஆகவே காலவாரியாகப் பார்ட்டிஷன் போடப் போகிறேன், அதாவது ஒரே டேபிளைச் சிறு டேபிள்களாக உடைக்கப் போகிறேன். மாதமா, வாரமா, நாளா? எதை வைத்து முடிவெடுப்பது?

2024 மார்ச் 3

டிலீட் முடிந்திருந்தாலும் டிஸ்க் கிடைத்திருக்காது என்பதையும் எழுதிவைக்கிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் டிலீட் என்பது வரியைச் செத்ததாகக் குறிப்பது மட்டும்தான். பிறகு வாக்கியூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தைப் புது வரிகளுக்குத் திறந்துவிடும். பைல் சுருங்காது, கடைசிப் பக்கங்கள் முழுக்கக் காலியானால் மட்டும் வால் வெட்டப்படும். நாம் அழிப்பதோ தலைப் பக்கம். வாக்கியூம் ஃபுல் கொடுத்தால் சுருங்கும், ஆனால் முடியும்வரை டேபிள் பூட்டியிருக்கும், மிஞ்சும் வரிகளைப் புதிதாக எழுத வேறு இடமும் வேண்டும். டிஸ்க் நிறைந்துபோய் நிற்பவனிடம் அந்த இடம் ஏது?

தனி பார்ட்டிஷனாக இருந்தால், டேபிளையே நீக்கும் டிராப் ஒன்று போதும். பைலே போய்விடும்.

2024 மார்ச் 5

இன்று தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பழைய கணக்கப்பிள்ளை ஐயா, ஓய்வு பெற்றும் தினம் ஒரு நடை வந்துபோகிறவர், என்ன தம்பி முகம் சரியில்லையே என்றார். டிலீட் கதையைச் சொன்னேன். தொழிலாளரின் பேரும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகத்தை வைத்து அவர் சொன்னது:

"செக்ரோல் புத்தகத்த வரி வரியாவா அடிப்போம்? மாசத்துக்கு ஒரு புத்தகம். காலம் முடிஞ்சா புத்தகத்தையே தூக்கிறது. நீங்க ஏன் தம்பி ஒரே புத்தகத்துல ரெண்டு வருசத்த எழுதுனீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ பக்கம் படித்தும் என் மண்டையில் ஏறாதது அங்கேதான் ஏறியது. தேடுவது வேகமாகும் என்பதற்காக நான் பார்ட்டிஷன் போடவில்லை, தூக்குவதற்காகப் போடுகிறேன். அப்படியானால் எந்த அளவில் தூக்குவேனோ அதுதான் அளவு. நான் மாதக் கணக்கில்தான் தூக்குவேன்.

2024 மார்ச் 9

வாரமாக உடைத்தால் தேடல் வேகமாகுமே என்று கேட்டவருக்கு: சென்சர் எண்ணும் நேரமும் சேர்ந்த இன்டெக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. குறிப்பிட்ட தொட்டியின் நேற்றைய வரிகளை எடுக்க 30 கோடி வரி டேபிளும் மில்லிசெக்கனில்தான் பதில் தருகிறது. அதை உடைத்து நான் பெறப்போவது ஒன்றுமில்லை. வாரமாக உடைத்தால் வருடத்துக்கு 52 டேபிள். நேர எல்லை சொல்லாத கேள்வியென்றால் திட்டமிடும்போது ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி இன்டெக்ஸ். மாதத்துக்கு ஒரு ஜிபி சொச்சம் எனக்குத் தோதான அளவு. நாளொன்றுக்குப் பல கோடி வரி வருகிறவர் நாள்வாரியாகப் போகட்டும். அவர் கணக்கு வேறு.

இன்னொன்று. எதையும் தூக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறவருக்குப் பார்ட்டிஷன் தேவையா என்றே முதலில் பார்க்க வேண்டும். நேர வரிசையிலேயே வரி வந்து விழும் டேபிளுக்கு பிரின் இன்டெக்ஸ் நல்ல மருந்து. ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு வைக்காமல், பக்கக் கூட்டத்துக்கு ஒரு குறைந்த மதிப்பு, ஒரு கூடிய மதிப்பு என்று வைப்பதால் மிகச் சிறியதாக இருக்கும். 9.5 பதிப்பிலிருந்து உண்டு.

2024 மார்ச் 17

எத்தனை மாதம் வைத்திருப்பது? ஆறு என்று எழுதியிருந்தேன். தொழிற்சாலை அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னதுதான் சரி. எங்கள் ஊவா மாகாணத்தில் தரமான தேயிலைக்குக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை; கச்சான் காற்று காய்ந்து அடிக்கும் மாதங்கள். அந்த மூன்று மாதத்தில் கொழுந்து வாடிய விதத்தைப் போன வருடத்து அதே மூன்று மாதத்தோடு வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்தச் சென்சரெல்லாம். செப்டெம்பர் கடைசியில் உட்கார்ந்து போன ஜூலையைத் திறக்க வேண்டுமென்றால் 15 மாதம் கையில் இருக்க வேண்டும். சரி, 15. அதற்கு முந்தியதற்கு மணித்தியாலச் சராசரி போதும்.

2024 மார்ச் 30

செய்துவிட்டேன். எப்படி என்றால்:

பழைய டேபிளின் பெயரை மாற்றினேன். அதே பெயரில், நேரத்தால் பிரிக்கப்படும் புதுத் தாய் டேபிள் ஒன்று. பழையதை அப்படியே ஒரே பெரிய பார்ட்டிஷனாக அட்டாச் செய்தேன். ஏப்ரலுக்கும் மேக்கும் தனித் தனி. ஒரு வரிகூட நகர்த்தவில்லை.

இடையில் இரண்டு முள். ஒன்று, அட்டாச் செய்யும்போது எல்லா வரியும் எல்லைக்குள் இருக்கிறதா என்று போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் படிக்கும். அதே எல்லையைச் சொல்லும் செக் நிபந்தனையை முன்கூட்டியே போட்டு, சரிபார்ப்பை முடித்துவைத்தால் படிக்காது. நிபந்தனையை முதலில் சரிபார்க்காததாகச் சேர்த்து, பிறகு தனியாகச் சரிபார்த்தால் அந்த நேரத்தில் சென்சர் வரிகளும் தடையில்லாமல் வந்து சேரும். நேரக் களம் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் படிக்கும்.

இரண்டாவது, பிரதான சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது. பார்ட்டிஷன் டேபிளில் பிரிக்கும் களம் சாவிக்குள் இருந்தே ஆக வேண்டும். வெறும் எண் போதாது, எண்ணும் நேரமும். பழைய டேபிளில் எண் மட்டும்தான் சாவி. அந்த இரண்டு களத்துக்கும் தனித்த இன்டெக்ஸைப் பூட்டில்லாத முறையில் கட்டி, பழைய சாவியைக் கழற்றி, புது இன்டெக்ஸைச் சாவியாக்கினேன். இனி எண் மட்டும் தனித்தது என்று டேபிள் உறுதி சொல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 21

ஹட்டனிலிருந்து ஒருவர் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் பற்றிக் கேட்டிருந்தார். சாவி விதி அங்கேயும் அதேதான்: ஒவ்வொரு தனித்த சாவிக்குள்ளும் பிரிக்கும் களம் இருக்க வேண்டும். பார்ட்டிஷன் டேபிளுக்கு, வேறு டேபிளோடு இணைக்கும் ஃபொரின் கீ கிடையாது. நேரக் களம் டைம்ஸ்டாம்ப் வகையாக இருந்தால் யுனிக்ஸ் நேரமாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் செக்கன்) மாற்றித்தான் எல்லை போட முடியும். இதற்கு மேல் அதில் நான் கை வைத்ததில்லை.

2024 ஜூன் 1, காலை

நள்ளிரவு 12 மணிக்குச் சென்சர் வரிகள் நின்றுவிட்டன. இந்த வரிக்கு ஏற்ற பார்ட்டிஷன் இல்லை என்று பிழைச் செய்தி. ஆனால் ஜூன் பார்ட்டிஷன் இருக்கிறது! மே 25ஆம் தேதி, குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரான் உருவாக்கியதை என் கண்ணால் பார்த்தேன். நான் எழும்பி வந்து பார்ப்பதற்குள், காலை 5:30க்கு, தானாகவே சரியாகிவிட்டது.

தானாகச் சரியாகும் எதையும் நான் நம்புவதில்லை. பார்க்கிறேன்.

2024 ஜூன் 1, இரவு

5:30. அந்த எண்ணை அப்போதே பிடித்திருக்க வேண்டும். நம் நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்.

ஏப்ரல், மே இரண்டையும் என் மடிக்கணினியிலிருந்து உருவாக்கினேன். அது கொழும்பு நேரத்தில் இருக்கிறது. ஜூனைக் கிரான் உருவாக்கியது. சேர்வர் உலக நேரத்தில் இருக்கிறது. எல்லையை வெறும் தேதியாகக் கொடுத்தால், உருவாக்குகிற இணைப்பின் நேர வலயத்தில்தான் அது நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். ஆக மே மாதம் நம் நள்ளிரவில் முடிந்தது, ஜூன் மாதம் நம் காலை 5:30க்குத் தொடங்கியது. நடுவில் ஐந்தரை மணித்தியாலம் எந்த மாதத்திலும் சேராமல் கிடந்தது.

அந்த ஐந்தரை மணித்தியாலம்தான் தொழிற்சாலைக்கு முக்கியமான நேரம். பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் தொட்டியில் வாடி, விடிவதற்கு முன் உருட்டலுக்கு இறங்கும். எவ்வளவு வாடியது என்று பார்க்கிற கட்டம் அது. சென்சர் பெட்டிகள் 2 மணித்தியால அளவுக்குத்தான் சேமித்துவைக்கும். மிச்சம் போயே போய்விட்டது. இரவு ஷிப்டில் நின்றவர்களிடம் போய்ச் சொன்னேன். இது என் தவறு.

இனி எல்லையை எழுதும்போது +05:30ஐயும் சேர்த்தே எழுதுகிறேன். யார் எங்கிருந்து ஓட்டினாலும் ஒன்றாகவே இருக்கும். கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே. அதனால் மேயின் மேல் எல்லையும் ஜூனின் கீழ் எல்லையும் ஒரே எழுத்தாக இருந்தால் இடைவெளியும் வராது, மோதலும் வராது.

2024 ஜூன் 2

பழைய தரவை ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. இலங்கை நேரம் எப்போதும் ஐந்தரையாக இருந்ததில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1996 மே 25இல் ஆறரைக்குப் போனது. அதே ஒக்டோபர் 26இல் ஆறு. 2006 ஏப்ரல் 15இல் மறுபடி ஐந்தரை. பத்து வருடத்துப் பதிவுகளுக்கு +05:30 என்று கண்ணை மூடிப் போட்டால் தப்பாகும். ஆசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைப் பாவியுங்கள். அது இந்த வரலாற்றை வைத்திருக்கிறது.

2024 ஜூன் 8

மார்ச் 30 குறிப்பைத் திருத்த வேண்டும். பழைய டேபிளை அப்படியே ஒரு பார்ட்டிஷனாகச் சேர்த்தது ஒரு இரவை மிச்சப்படுத்தியது, ஆனால் டிஸ்க் பிரச்சினையைத் தொடவே இல்லை. அதன் கடைசி வரி 2024 மார்ச். அதற்கு 15 மாதமென்றால் 2025 ஜூலை வரை அந்த 30 ஜிபியை அசைக்க முடியாது. மார்ச்சில் எனக்கு இது தெரியவில்லை.

ஆகவே இந்த வாரம் முழுக்க, இரவுக்கு இரண்டு மாதமாக, வேண்டிய 2023 மார்ச் முதல் 2024 மார்ச் வரை தனித் தனி டேபிளாக நகலெடுத்தேன். இடத்துக்காக பேக்கப்பை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். இன்டெக்ஸ் கட்டி, செக் நிபந்தனை போட்டு, நேற்று இரவு ஒரே பரிவர்த்தனையில் பெரியதைக் கழற்றி மாதங்களை மாட்டினேன். பிறகு பெரியதை டிராப் செய்தேன். மார்ச்சில் ஒன்பது மணித்தியாலத்தில் நடக்காதது கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது. கணக்கப்பிள்ளை ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

2024 ஜூன் 9

டீஃபால்ட் பார்ட்டிஷன் ஒன்றும் சேர்த்துவிட்டேன். எந்த மாதத்திலும் சேராத வரி அதில் விழும். ஜூன் 1 மாதிரி இனி நடக்காது.

2024 ஜூன் 23

மாத அறிக்கை ஏன் எல்லாப் பார்ட்டிஷனையும் படிக்கிறது என்று ஒரு மணித்தியாலம் மண்டையைப் பிய்த்தேன். அறிக்கையை எழுதியவர் நேரத்தை மாத எழுத்தாக மாற்றி, அது '2024-05'க்குச் சமமா என்று கேட்டிருக்கிறார். களத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் எந்தப் பார்ட்டிஷனை விடலாம் என்று போஸ்ட்கிரெஸால் சொல்ல முடியாது. மே 1க்குச் சமம் அல்லது கூட, ஜூன் 1க்குக் குறைவு என்று களத்தை வெறுமனே வைத்துக் கேட்டதும் ஒரே டேபிளைத்தான் தொட்டது.

அப்புறம், தேடலைத் திட்டமிட உதவும் புள்ளிவிவரத்தை எடுக்கும் அனலைஸ், தாய் டேபிளுக்குத் தானாக ஓடாது. பிள்ளைகளுக்கு ஓடும். தாய்க்கு நாமே கிரானில் வைக்க வேண்டும்.

2024 ஓகஸ்ட் 19

ஜூன் 9 குறிப்பில் "இனி நடக்காது" என்று எழுதியிருக்கிறேன். அதைவிட மோசமானது நடந்தது.

ஜூலையில் சேர்வர் பெட்டியை மாற்றினோம். கிரானைக் கொண்டுவர மறந்துவிட்டேன். ஓகஸ்ட் பார்ட்டிஷன் உருவாகவே இல்லை. டீஃபால்ட் இல்லாமல் இருந்திருந்தால் 1ஆம் தேதியே சத்தம் போட்டிருக்கும். டீஃபால்ட் இருந்ததால் எல்லாம் சத்தமில்லாமல் அதில் சேர்ந்தன. இன்று பார்த்தபோது 60 இலட்சம் தாண்டியிருந்தது. ஓகஸ்ட்டை உருவாக்கப் போனால், டீஃபால்டிலேயே ஓகஸ்ட் வரிகள் இருக்கின்றன, முடியாது என்கிறது. டீஃபால்டைக் கழற்றி, ஓகஸ்ட்டை உருவாக்கி, வரிகளை மாற்றி, மறுபடி மாட்டினேன். நடு சீசனில், கொழுந்து வந்து குவிகிற நேரத்தில்.

உள்ளே இன்னொன்றும் கிடந்தது: 1970 ஜனவரி 1, காலை 5:30 முதல் தேதியிட்ட சில ஆயிரம் வரிகள். இடி மழையில் கரண்ட் போய் வந்தபோது, மணிக்கூட்டு பேட்டரி செத்த ஒரு சென்சர் பெட்டி பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

2024 நவம்பர் 16

போஸ்ட்கிரெஸ் 16க்கு மாறியாகிவிட்டது. 14இலிருந்தே பார்ட்டிஷனை மற்ற வேலைகளை மறிக்காமல் கழற்ற முடியும். ஆனால் டீஃபால்ட் இருக்கிற டேபிளில் அந்த வசதி இல்லை. எனக்கு ஏற்கெனவே மனம் விட்டுப்போன டீஃபால்டை அதோடு எடுத்துவிட்டேன்.

இப்போதைய ஏற்பாடு: 12 மாதத்துக்கான பார்ட்டிஷன் எப்போதும் முன்கூட்டியே இருக்கும். மூன்றுக்குக் குறைந்தால் என் போனுக்குச் செய்தி வரும். தேதி சந்தேகமான வரிகள், அதாவது நாளைக்குப் பிந்தியதும் 15 மாதத்துக்கு முந்தியதும், உள்ளே வருவதற்கு முன்பே வேறொரு சின்ன டேபிளுக்குப் போகும். அங்கே சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரமும் பதியும். கழற்றிய மாதத்தை உடனே டிராப் செய்வதில்லை. டம்ப் (முழு நகல்) எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டு, 30 நாள் அப்படியே விட்டுவைக்கிறேன்.

2025 பெப்ரவரி 11

ஞாயிறு 9ஆம் தேதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது சேர்வரும் போனது. திரும்பியதும் பெட்டிகள் தேக்கிவைத்ததைக் கொட்டின. தேதி தவறிய 212 வரி சின்ன டேபிளில். மற்றதெல்லாம் பெப்ரவரியில். நான் எதையும் தொடவில்லை.

2025 செப்டெம்பர் 13

இதை எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை ஓர் அக்கா ஒபிசுக்கு வந்தார். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், இப்போது வேலையை விட்டுவிட்டார். கையில் மடித்து மடித்து நைந்த பழைய சம்பளச் சீட்டு. "தம்பி, போன வருசம் மே மாசம் பதினாலாந் தேதி எனக்கு அரைப் பேர் போட்ருக்காங்க. நான் மூணு நிறுவையிலயும் சரியாத்தான் குடுத்தேன். அன்னைக்கு மகளுக்குப் பிறந்தநாள், எனக்கு மறக்காது. கம்பியூட்டர்ல இருக்குமா?"

கிலோ குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம், அதுதான் அரைப் பேர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் போட்ட கிலோவை யாராவது பிறகு மாற்றினால், பழைய எண், புது எண், மாற்றிய நேரம் மூன்றும் திருத்த லொக்கில் பதியும். 2024 ஏப்ரலில் புதுத் தராசு வந்ததிலிருந்து இருக்கிறது. இருக்கும் அக்கா என்று சொல்லித் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நவம்பரில் கழற்றும் ஸ்கிரிப்டை எழுதியபோது, மாதமாகப் பிரிந்த எல்லா லொக் டேபிளுக்கும் ஒரே விதி வைத்தேன்: 15 மாதம். திருத்த லொக்கையும் அதே அச்சில் பிரித்திருந்தேன். சீராக இருக்கட்டும் என்ற ஆசை, வேறு காரணமில்லை. செப்டெம்பர் 1ஆம் தேதி மே மாதம் கழன்றுவிட்டது.

கழன்று 9 நாள்தான். டிராப் ஆகவில்லை. தனி டேபிளாக அப்படியே நின்றது. அதில் தேடினேன்: மாலை நிறுவை 9 கிலோ, இரவு 7:12க்கு 4 கிலோவாக மாற்றப்பட்டிருக்கிறது. அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை வாசித்தேன்.

2025 செப்டெம்பர் 14

சென்சர் லொக்குக்கும் திருத்த லொக்குக்கும் ஒரே கத்தி வைத்தது தப்பு. ஒன்று நாளொன்றுக்கு மூன்றரை இலட்சம் வரி, 15 மாதத்துக்குப் பிறகு யாருக்கும் வேண்டாம். மற்றது நாளொன்றுக்கு நூறு வரிகூட இல்லை, எத்தனை வருடம் கழித்தும் ஒருவர் அதைத் தேடி மலையிறங்கி வரலாம். அதைப் பிரிக்கவே தேவையில்லை. எந்த அளவில் தூக்குவேனோ அதுதான் அளவு என்று நானே எழுதியிருக்கிறேன். தூக்கவே கூடாததற்கு அளவு எதற்கு?

2025 செப்டெம்பர் 20

மேயைத் திரும்பச் சேர்த்தேன். ஏப்ரல் ஏற்கெனவே டிராப் ஆகியிருந்தது; வெளி டிஸ்க்கிலிருந்த டம்ப்பிலிருந்து ஏற்றினேன், வரி எண்ணிக்கை சரி. பிறகு எல்லா மாதத்தையும் ஒரே சாதாரண டேபிளாக்கி, வேலையாள் எண்ணுக்கும் தேதிக்கும் ஓர் இன்டெக்ஸ் போட்டேன். மொத்தம் 40 ஆயிரம் சொச்சம் வரி. அந்த டேபிளில் டிலீட் செய்யும் உரிமையை ஸ்கிரிப்டின் பயனரிடமிருந்து எடுத்துவிட்டேன். உரிமையாளராகவும் அந்தப் பயனர் இல்லை, அதனால் டிராப்பும் செய்ய முடியாது. கழற்றும் ஸ்கிரிப்டில் இப்போது டேபிள் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதியிருக்கின்றன. எழுதாததை அது தொடாது.

2025 ஒக்டோபர் 12

கேட்டவர்களுக்கு: அந்த அக்காவுக்கு மே 14 முழுப் பேராகத் திருத்தி, மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மகள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள்.